நான் கொடுத்த ஒற்றைச் சாவி

போன மாதம் எங்கள் காமயகவுண்டன்பட்டியில் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே புது வால்வு ஒன்றை மாட்டினார்கள். கையால் திருகுகிற வேலையே இல்லை. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு என்று போனில் போட்டு வைத்துவிட்டால், தானே திறந்து தானே மூடிக்கொள்ளும். என்னோடு பள்ளம் தோண்டிய தம்பிகள், இப்போது அவர்களுக்கே மீசை நரைத்துவிட்டது, "அண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டார்கள். போனேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"ஏப்பா, தெருவுல ஒரு சாவு விழுந்துருச்சுன்னா இது என்ன செய்யும்?"

"அதுக்குன்னு தனியா ஒரு பட்டன் வைக்கச் சொல்லிருவோம்ண்ணே."

"பட்டனை அண்ணன் வீட்டுலயே வச்சிருவோம். செத்தவுக நேரா அங்கன போயிச் சொல்லிக்கட்டும்" என்றான் இன்னொரு தம்பி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒருவன், "அண்ணே, அந்த ஆப்பிரிக்காவுல சேத்துல விழுந்த கதையச் சொல்லுங்க. கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றான்.

சொன்னேன். பணி ஓய்வு பெற்ற மறு வருடம், தான்சானியாவில் ஒரு மலைக் கிராமத்துக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட, சம்பளம் இல்லாத வேலையாகப் போயிருந்தேன். போய் இறங்கிய அன்றைக்கே செம்மண் சகதியில் சறுக்கி, பெட்டியும் நானுமாக விழுந்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் "போலே, போலே" என்றார்கள். தமிழில் போலே தெரியும், எல்லை தாண்டினால் மலையாளத்திலும் அதே போலேதான். நான் சேற்றில் உட்கார்ந்தபடி, "எது போலே? யாரைப் போலே?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா, வாழைத்தோட்டத்துக்காரி, ஊற்றிலிருந்து தலையில் சுமந்து வந்த தண்ணீரை இறக்கி, பாதி வாளியை என் காலில் ஊற்றிக் கழுவிவிட்டாள். அவளும் "போலே" என்றாள். விழுந்தவனைப் பார்த்தால், அடிபட்டவனைப் பார்த்தால், அந்த ஊரில் சொல்கிற வார்த்தை அது. தள்ளிவிட்டவன் சொல்வதில்லை. பார்த்து மனம் இளகுகிற எவரும் சொல்வது. அடப் பாவமே என்று நாம் சொல்வதில்லையா, அதுதான்.

இந்தப் பாதியை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மற்ற பாதியை யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்குத் தொட்டியடியில் இருந்து வீடு திரும்பும்போது, இனி வைத்துக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

என் உத்தியோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தாவதில் இரண்டு முறை கோட்டை விட்டவன். இரும்புக் குழாய்க்கு ஈயம் காய்ச்சி ஊற்றி மூட்டுப் போட்ட காலத்தில் கையாளாகச் சேர்ந்தேன். பிளாஸ்டிக் குழாய் வந்தபோது பிட்டர் ஆனேன். படித்தது எல்லாம் பள்ளத்துக்குள்தான். வயலுக்கு வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத் திருப்பிவிட நீர்பாய்ச்சி என்று ஒரு ஆள் எங்கள் பக்கத்தில் உண்டு. ஊர் அவரை நம்பி மண்வெட்டியைக் கொடுத்துவிடும். அவர் அண்ணன் வயல், தம்பி வயல் பார்க்க மாட்டார். தெருவுக்கு அந்த ஆள் நான். வால்வு திருகுகிற நீளக் கம்பி முப்பது வருடத்துக்கு மேல் என் தோளில் கிடந்தது. ஒரு நாளும் யாரும், "ஏலே சுருளி, எங்க தெருவுக்கு ஏன் மூடுன?" என்று சண்டைக்கு வந்ததில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

என்னைத் தான்சானியாவுக்குக் கூட்டிப் போனவர் ராயப்பன்பட்டிக்காரர், பிலோமினா மேடம். இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, தலையில் எப்போதும் ஒரு துண்டு, காதில் பென்சில். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தப்பு என்று நேராகச் சொல்லவும் மாட்டார், கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது தப்பு தானாகவே நம் வாயிலிருந்து வந்து விழும்.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். மண்வெட்டி எடுக்குமுன் குழாய் போகிற பாதையை இரண்டு முறை நடப்பார். ஏறும்போது வெறும் கண்ணால் பார்ப்பார். இறங்கும்போது தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் டியூபை ஒரு முனையில் நானும் மறு முனையில் அவருமாகப் பிடித்து, மட்டம் பார்த்துப் பார்த்து இறங்குவோம். ஊற்றில் எவ்வளவு வருகிறது என்று வாளியும் கடிகாரமும் வைத்து அளப்பார். தினமும் அதே நேரத்தில், மூன்று நாள். அதோடு விட மாட்டார். தண்ணீர் எடுக்க வருகிற பெண்களை உட்காரவைத்து, மழையில்லாத மாதத்தில் வாளி நிறைய எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று கேட்பார். பள்ளிக்கூட டீச்சர் ரெஹேமா இங்கிலீஷில் மாற்றிச் சொல்வாள்.

"வாளி இன்னைக்குள்ளதைத்தான் சொல்லும் சுருளி. கோடையில என்னன்னு இவுகதான் சொல்லணும்."

அந்தப் பெண்கள் சொன்னது பயமாகத்தான் இருந்தது. கோடையில் நூல் மாதிரிதான் வருமாம்.

அங்கே மூன்று குடியிருப்பு. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. வாய்க்காலில் என்றால் கடைமடை கீழே இருக்கும். குழாயில் நேர்மாறு. கீழ்க் குழாயைத் திறந்துவிட்டால் மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் மேட்டுக்காரன்தான் கடைமடைக்காரன். மேடம் முதலில் ஒரு தொட்டி வரைந்தார். அதில் சமமான மூன்று வாய். வால்வே கிடையாது, வருகிறது எவ்வளவோ அது மூன்றாகப் பிரிந்து போகும்.

"நூலாட்டம் வர்றதை மூணாப் பிரிச்சா மூணு பேருக்கும் இல்லாமப் போயிரும் மேடம். ஒரு நாளைக்கு ஒரு குடியிருப்புன்னு முறை வச்சு விடுவோம். எங்க ஊர்ல நான் விடலையா?"

பென்சிலைக் காதில் இருந்து எடுத்தார். "மூடுறது யாரு?"

"ஒரு ஆளப் போட்டுருவோம்."

"அந்த ஆளுகிட்ட ஒருத்தன் வந்து கெஞ்சுனா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுன்னு சொல்லிருவோம் மேடம். முறைன்னா முறைதான்."

பென்சிலால் தாளை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, "சரி, வால்வு போடுங்க. ஆனா குழி மூடிக்கு மூணு பூட்டு. குடியிருப்புக்கு ஒரு ஆளு, ஆளுக்கு ஒரு சாவி. மூணு பேரும் சேந்து வந்தாத்தான் திறக்கணும். ஒருத்தன் தலையில எல்லாத்தையும் ஏத்தாதீங்க" என்றார். தாளில், தொட்டிப் படத்துக்கு அடியில், மூணு பூட்டு என்று எழுதினார். பழைய படத்தை அழிக்கவில்லை.

வேலை நன்றாக நடந்தது. வீட்டுக்கு இத்தனை அடி என்று பிரித்து ஊரே பள்ளம் தோண்டியது. மக்காச்சோள மாவில் களி கிண்டி, கீரையோடு கொடுப்பார்கள். கேப்பைக் களி தின்று வளர்ந்தவனுக்கு அது பழக ஒரு நாள்கூட ஆகவில்லை. காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் அவர்கள் விசாரிக்கிற விசாரிப்பு இருக்கிறதே, பொழுது எப்படி, வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, சோளம் எப்படி என்று முடிவே இருக்காது. பதிலுக்கு மற்றவரும் அத்தனையும் கேட்க வேண்டும். அவசரமாகப் போகிறவன்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போவான். எனக்கு அதில் பாதி வார்த்தை புரியாது, ஆனால் கேட்க ஆசையாக இருக்கும். கேட்ட வார்த்தையை டைரியில் எழுதிக்கொள்வேன். கிளம்பும்போது அறுபது சொச்சம் சேர்ந்திருந்தது.

அதில் முக்கால்வாசி ஏலியாவிடம் வாங்கியது. கீழ்க் குடியிருப்புக்காரன், நாற்பது வயதிருக்கும். குழாய் ஒட்டுவதை ஒரு முறை பார்த்துவிட்டு மறு முறை என்னைத் திருத்தினான். என்னை ஃபுண்டி என்பான். கைவேலை தெரிந்தவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் களியை உருட்டி விழுங்குவதைப் பார்த்துவிட்டு, "ஃபுண்டி, உங்க நாட்டுல பல்லு எதுக்கு வச்சிருக்காங்க?" என்று டீச்சரை விட்டுக் கேட்கச் சொன்னவன். முறைக்கு அவர்கள் வார்த்தை ஜாமு. நம்ம ஜாமம் மாதிரி இருந்ததால் அது எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. ஏலியாவுக்கு முறை வைப்பதைச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் மேட்டுக்கு, பிறகு நடு, கடைசியில் உன் கீழ்க் குடியிருப்பு. யார் கேட்டாலும் மாற்றாதே. உன் பெண்டாட்டி கேட்டாலும் ஜாமு, ஜாமு. அவன் பெண்டாட்டி பக்கத்தில் நின்று சிரித்தாள்.

நான் ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மேடத்துக்குக் காய்ச்சல் வந்து, கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பூட்டு மூன்றும் என் பையில் இருந்தன. சாவிக்கார மூன்று பேரையும் வரச் சொல்லி இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். சோள அறுவடை நேரம். ஒரு நாள் நடு ஆள் வரவில்லை, மறு நாள் மேட்டு ஆள் வரவில்லை. அரைப் பொழுது காத்திருந்தோம். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரே ஆள், ஒரே கம்பி, முப்பது வருடம். இதற்கு என்ன மூன்று சாவி? ஒரே ஒரு பூட்டைப் போட்டு, சாவியை ஏலியா கையில் கொடுத்தேன். ஊர் கைதட்டியது. மிச்ச இரண்டு பூட்டும் என் பையிலேயே ஊருக்கு வந்தன. காய்ச்சல் தெளிந்து வந்த மேடம், விமானத்தில் என்னிடம், "எல்லாம் சரியாக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். "குடுத்துட்டேன் மேடம்" என்றேன்.

ஏலியா மாதம் ஒரு முறையாவது போன் செய்வான். எனக்குத் தெரிந்த வார்த்தையில் பொழுதையும் வீட்டையும் சோளத்தையும் விசாரிப்பேன். அவன் சிரிப்பான். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த கோடையில் ஒரு நாள் கம்பம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஏலியா கூப்பிட்டான். விசாரிப்பு ஒன்றும் இல்லை, எடுத்ததும் படபடவென்று பேசினான். பஸ்காரன் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த வார்த்தைகள் மட்டும் மேலே மிதந்து வந்தன. தண்ணீர். இன்றைக்கு. கீழ்க் குடியிருப்பு. அப்புறம் ம்சிபா, ம்சிபா என்று மூன்று நான்கு தடவை. யாரோ ம்சிபா என்று ஒரு ஆள், கீழ்க் குடியிருப்புக்காரன், முறை இல்லாத நாளில் தண்ணீர் கேட்டு இவனை நெருக்குகிறான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு இவன்மேல் பெருமையாகக்கூட இருந்தது. சொந்தக் குடியிருப்புக்காரனையே தடுத்துவிட்டு என்னைக் கேட்கிறான் பாருங்கள்.

"ம்சிபா ஜாமு" என்றேன். நாளைக்கு என்பதற்கு அவர்கள் வார்த்தை கேஷோ. அதையும் சேர்த்துச் சொன்னேன். "ஜாமு. கேஷோ."

"ஃபுண்டி?" என்றான். "ஜாமு" என்றேன் மறுபடியும், பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

இருபது நாள் கழித்து மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். ராயப்பன்பட்டியில் இருந்து பஸ் மாறி வந்திருந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. என் வீட்டுக்காரி காபி கொண்டுவந்து வைத்தாள். அதைத் தொடவில்லை.

"சுருளி, மூடிக்கு எத்தனை பூட்டுப் போட்டீங்க?"

எழுந்து உள்ளே போய், மிச்ச இரண்டு பூட்டையும் கொண்டுவந்து காபிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"ம்சிபான்னா என்னன்னு நெனச்சீக?"

"ஆளு பேருன்னு, மேடம்."

"பேரு இல்ல சுருளி. சாவு. அவுக வீட்டுல துக்கம் விழுந்தா அதுக்கு அந்தப் பேரு."

ரெஹேமா டீச்சர் எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லியிருந்தாள். இறந்தது என் காலைக் கழுவிவிட்ட அந்த வாழைத்தோட்டத்து அம்மா. சாவு வீட்டில் சுற்றுப்பட்டு சனமெல்லாம் வந்து நாள் கணக்கில் தங்கும். அத்தனை பேருக்கும் உலை வைக்க வேண்டும். அன்றைக்கு மேட்டு முறை. கீழ்க் குடியிருப்பு ஆட்கள் ஏலியாவிடம் வந்து நின்றிருக்கிறார்கள். அவனுக்கும் திறக்கத்தான் மனசு. ஆனால் யார் கேட்டாலும் மாற்றாதே என்று நான் சொல்லியிருந்தேனே. எல்லார் முன்னாலும் எனக்குப் போன் போட்டிருக்கிறான். போனின் ஸ்பீக்கரைப் போட்டு, அத்தனை பேரும் கேட்க. சாவு தன் முறை வருகிற வரைக்கும் காத்திருக்கட்டும், நாளைக்கு வா என்று ஃபுண்டி சொல்லிவிட்டான். ஏலியாவும் திறக்கவில்லை.

இங்கே முப்பது வருடத்தில் எத்தனை சாவு வீட்டுக்கு முறை தவறித் திறந்திருப்பேன். கேட்டு வரமாட்டார்கள், சங்குச் சத்தம் கேட்டாலே போய்த் திறந்துவிட்டு, கம்பியைத் தோளில் போட்டபடியே அந்த வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவேன். யாரும் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியது என்று நினைத்ததும் இல்லை. அதனால்தான் ஏலியாவுக்குச் சொல்லாமல் விட்டேன். சாவி மூன்று பேரிடம் இருந்திருந்தால், மூன்று பேரும் முகத்தை முகம் பார்த்துத் திறந்திருப்பார்கள். எனக்குப் போன் வந்தே இருக்காது.

"அவனை அடிச்சாகளா மேடம்?"

"அடிக்கல. விசாரிக்கிறத நிப்பாட்டிட்டாக."

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரில் பொழுது எப்படி என்று யாரும் கேட்காமல் ஒருவன் எப்படி நடமாடுவான்? சோளம் உதிர்க்க அவன் பெண்டாட்டியோடு ஒருத்தியும் உட்காரவில்லையாம். சாவியை டீச்சர் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு, இரண்டு பேரும் துறைமுகப் பட்டணத்துக்குக் கிளம்புகிறார்கள், நாளைக்கு.

மேடம் தன் போனில் டீச்சரைக் கூப்பிட்டு, ஏலியாவைப் பேச வைத்தார். நான் வாங்கினேன். இந்தத் தடவை பஸ் இரைச்சல் இல்லை, ஹாரன் இல்லை. எனக்கு அந்த மொழியில் தெரிந்த மன்னிப்பு ஒன்றுதான்.

"போலே, ஏலியா. போலே."

அவன் பதில் சொன்னான். போலே என்று ஒருவர் சொன்னால் பதிலுக்குச் சொல்வதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். ஆறிப்போச்சு என்று அர்த்தம். சூடு ஆறுவதற்கும் அவர்களுக்கு அதே வார்த்தைதான், நமக்கு இருக்கிற மாதிரி. அதைச் சொல்லிவிட்டு, "போலே, ஃபுண்டி" என்றான் என்னிடம். பிறகு டீச்சரிடம் ஏதோ கேட்கச் சொன்னான். டீச்சர் மேடத்திடம் சொன்னாள். மேடம் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"உங்க ஊர்ல சாவுக்கும் முறை உண்டான்னு கேக்குறான்."

இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்றாகும். உண்டு என்று எப்படிச் சொல்வது? யோசிப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

மறுநாள் டீச்சர் மேடத்துக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ஃபுண்டி சொன்னது, வழியில் போகிறவர் விழுந்தவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. தன் தப்புக்கு மன்னிப்புக் கேட்க வேறு வார்த்தை இருக்கிறது, நிசமேஹே என்று. யாராவது அவருக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தாள். நான் அதை டைரியில் கடைசி வார்த்தையாக எழுதிக்கொண்டேன். அதற்குள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

அந்த ஊரில் வால்வை எடுத்துவிட்டு, மேடத்தின் தாளில் அழியாமல் கிடந்த முதல் படத்தைப் பார்த்து, மூன்று வாய்த் தொட்டியை அவர்களே கட்டிக்கொண்டார்களாம். கோடையில் நூல் மாதிரிதான் போகிறதாம். சண்டை இல்லையாம். மேடம் இதை எனக்குச் சொன்னபோதும் அவர் முகத்தில் நான் சொன்னதுதானே சரி என்கிற மாதிரி எதுவும் இல்லை. இருந்திருக்கலாம் என்று நினைத்திருக்கிறேன்.

ஏலியா பட்டணத்தில் யாரோ ஒருவருடைய கட்டடத்துக்குக் காவலாளி. சொந்தப் போன் இல்லை. கூட ஒரே அறையில் இருக்கிறவரின் நம்பரை டீச்சர்தான் தேடி வாங்கிக் கொடுத்தாள். அந்த ஒரு வார்த்தையை நாக்கில் தயாராக வைத்துக்கொண்டு மாதா மாதம் கூப்பிடுகிறேன். காலையில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், சாயங்காலம் பார்த்துவிட்டேன். அந்த மனிதர் எடுப்பார். பொழுது எப்படி, வீடு எப்படி என்று பொறுமையாக விசாரிப்பார். நானும் விசாரிப்பேன். பிறகு ஏலியா என்பேன். காவல் வேலைக்கும் அங்கே, முறைக்குச் சொல்கிற அதே பேர்தான் போலிருக்கிறது.

"ஜாமு" என்பார் அவர். "கேஷோ."